கடலோர வீட்டு ஜன்னலுக்கு எந்த ஸ்க்ரூ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு ஜன்னல் கதவு தொங்கிப்போனால் முதலில் கீலைக் குறை சொல்கிறோம், பிறகு மரத்தை. கழற்றிப் பார்த்தால் மரம் திடமாகத்தான் இருக்கும், கீலும் இன்னும் பல ஆண்டு உழைக்கும் நிலையில் இருக்கும். இரண்டையும் பிடித்திருந்த ஸ்க்ரூதான் பாதியாக அரித்துப் போயிருக்கும். ஜன்னலிலேயே மிக மலிவான பொருள் அது. வாங்கும்போது யாரும் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. கடலோர வீட்டில் ஜன்னலைப் பழுதுபார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அங்கே அரிப்பின் வேகம் குறைவு, அவ்வளவுதான்.

கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது? என் ஜன்னலில் மழைகூடப் படுவதில்லையே?

மழை படாததும் ஒரு காரணம். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத் துளிகளைக் கடற்காற்று ஊருக்குள் கொண்டுவந்து சுவரிலும் சட்டத்திலும் படியவைக்கிறது. அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். எனவே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் இரவு முழுக்க உங்கள் ஸ்க்ரூவின் தலையில் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது.

மழையில் நன்றாக நனையும் இடத்தில் இந்த உப்பு அவ்வப்போது கழுவிப் போய்விடும். சன்ஷேடுக்கு அடியில், மேல் கீலில், கொசுவலைச் சட்டத்தின் உள்பக்கம் அது சேர்ந்துகொண்டே போகும். ஒரே ஜன்னலில் மழை படும் கீழ் ஸ்க்ரூ சுமாராகவும், நிழலில் இருக்கும் மேல் ஸ்க்ரூ முற்றிலும் துருவாகவும் இருப்பதைக் கழற்றும்போது நீங்களே பார்க்கலாம்.

நம் கரையில் காற்றின் கொடுமைக்குப் பெயர்போன இடம் பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரிப்பால் பலவீனமடைந்ததால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றிலும் ஒரு படி மேலே இருக்கும் தரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

'எஸ்.எஸ். ஸ்க்ரூ' என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள், கேட்டது போதவில்லை. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதற்கு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பெயர். அந்தக் குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள ஒரு படலத்தை மேலே உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாக மூடிக்கொள்ளும். ஸ்க்ரூவைக் காப்பது முழுக்க அந்தப் படலம்தான். உப்பில் உள்ள குளோரைடுக்கு அதைத் துளைக்கும் சக்தி உண்டு. துளைக்க எவ்வளவு நேரமாகும் என்பது தரத்தைப் பொறுத்தது.

கடைகளில் நான்கு தரங்கள் புழங்குகின்றன. 202 என்பது விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தது. பளபளப்பாக இருக்கும், வீட்டுக்குள் தாங்கும், கடற்காற்றில் தாங்காது. 304 என்பதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். வீட்டு ஜன்னலுக்கு இதுதான் நம்பகமான அடிப்படைத் தரம். 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேர்வதால் குளோரைடை மேலும் நன்றாக எதிர்க்கும். 410 வேறு வகை: கடினமாக்கப்பட்டது, குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். துளையிடும் முனையுடன் வரும் 'செல்ஃப் டிரில்லிங்' ஸ்க்ரூக்களில் எஸ்.எஸ். என்று விற்பவை பெரும்பாலும் இதுதான். அலுமினியத்தைத் துளைத்து இறங்க அந்தக் கடினம் தேவை. ஆனால் கடலோரத்தில் இது பழுப்பாவது உறுதி.

ஆகவே கடையில் எஸ்.எஸ். என்று மட்டும் சொல்லாமல் '304 வேண்டும்' என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் ஏ2 என்று இருந்தால் 304 வகை, ஏ4 என்று இருந்தால் 316 வகை. உதிரியாக அள்ளிப் பொட்டலம் கட்டித் தருவதில் எந்த உத்தரவாதமும் இல்லை. எண் அச்சிட்ட மூடிய பெட்டியாக வாங்கி, பில்லிலும் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பாதிதான் தெரியும். காந்தத்தில் 'டக்'கென்று ஒட்டினால் அது 410 ஆக இருக்கலாம், அல்லது முலாம் பூசிய சாதாரண இரும்பாக இருக்கலாம். இரண்டுமே கடலோரத்துக்கு வேண்டாம். ஆனால் ஒட்டாததெல்லாம் 304 அல்ல; 202உம் ஒட்டாது. இன்னொன்று: நல்ல 304 ஸ்க்ரூவிலும் மரை உருட்டும்போது உண்டாகும் அழுத்தத்தால் மெல்லிய ஈர்ப்பு வந்துவிடும். அதை வைத்து நல்ல சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 202ஐயும் 304ஐயும் பிரித்துக் காட்ட ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் குப்பி இருக்கிறது. ஓர் அடுக்குமாடிக் கட்டடம் முழுக்க மாற்றுகிறீர்கள் என்றால் அதை வாங்குவது நியாயம்.

304 போதுமா, 316தான் வேண்டுமா?

மாடியிலிருந்து அலை கண்ணில் படுகிறது, கண்ணாடியைத் துடைத்த மறுநாளே பிசுபிசுக்கிறது என்றால் 316. கடலிலிருந்து விலகி, இடையே நாலைந்து தெரு கட்டடங்கள் மறைத்து நின்றால் 304 போதும். காற்றில் வரும் உப்பின் அளவு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே பெருமளவு குறைந்துவிடும். திறந்த வெளியாக இருந்தால் அது இன்னும் உள்ளே வரும்.

304இல் சில சமயம் தேநீர்க் கறை போன்ற பழுப்பு படியும். அது மேலோட்டமானது, துடைத்தால் போகும். பலம் குறையாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் 316க்குப் போங்கள்.

எங்களுடையது பழைய தேக்கு ஜன்னல். பித்தளை ஸ்க்ரூ போடுவதா, எஸ்.எஸ். போடுவதா?

இரண்டுமே சரி. சாதாரண இரும்பு ஸ்க்ரூ மட்டும் கூடாது. ஈரம் பட்ட மரத்தில் இரும்பு இருந்தால் மரத்தின் சாற்றிலுள்ள டானின் அதோடு சேர்ந்து நீலக்கருப்பாகக் கறை இறங்கும். கீலைச் சுற்றி மை கொட்டியதுபோலத் தெரிவது அதுதான். அதோடு நிற்பதில்லை. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஸ்க்ரூ உள்ளேயே பருத்து, நிலையின் ஓரத்தை நார்நாராகப் பிளந்துவிடும். கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசலால் வெளுக்கலாம். நச்சுப் பொருள் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் பக்கம் வராமல் செய்யுங்கள். பிளந்த மரத்துக்கு மருந்து இல்லை.

பழைய வீடுகளில் பித்தளைக் கீலுக்குப் பித்தளை ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். அதை மாற்றும்போதும் பித்தளையே போடுவது என் விருப்பம். கீலும் ஸ்க்ரூவும் ஒரே உலோகமாக இருந்தால் ஒன்றையொன்று அரிக்காது, சேர்ந்தே பசுமையேறும், பார்க்கவும் அழகு. ஆனால் பித்தளை மென்மையானது. தேக்கிலோ வேங்கையிலோ நேராகத் திருகினால் தலை கையோடு முறிந்து வரும். நல்ல தச்சர்கள் செய்வதைக் கவனித்தால் தெரியும்: முதலில் மெல்லிய துளை போடுவார்கள். அதே அளவுள்ள இரும்பு ஸ்க்ரூ ஒன்றை இறக்கி மரத்தில் மரை வெட்டிக்கொண்டு, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகைத் தேய்த்து, கையால் திருப்புளி பிடித்து மெதுவாக முறுக்குவார்கள். பேட்டரி டிரில்லில் பித்தளையை இறக்குகிறேன் என்று ஒருவர் வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

கீல் எஸ்.எஸ். என்றால் ஸ்க்ரூவும் எஸ்.எஸ். 304 ஸ்க்ரூவும் கடின எஃகைவிட மென்மையானதுதான். 8 நம்பர் ஸ்க்ரூவுக்குத் தேக்கில் ஏறத்தாழ 3 மி.மீ. துளை முதலில் போட்டாக வேண்டும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி வருகிறது. ஸ்க்ரூ நன்றாகத்தானே இருக்கிறது?

அதனால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் துரு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புநீர் இருந்தால் ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடும். அதில் எப்போதும் ஒன்று தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். எஸ்.எஸ்.உம் அலுமினியமும் சேர்ந்தால் கொடுப்பது அலுமினியம். நீங்கள் ஸ்க்ரூவைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்போது சட்டத்தில் துளை பெரிதாகிக்கொண்டிருக்கும், ஒருநாள் ஸ்க்ரூ அப்படியே கையோடு வரும்.

இதற்காக எஸ்.எஸ்.ஐ விட்டுவிட வேண்டியதில்லை. சிறிய ஸ்க்ரூ, பெரிய சட்டம் என்ற விகிதம் நமக்குச் சாதகமானது. அரிப்பு பெரிய பரப்பில் பகிர்ந்து மெதுவாகும். தலைகீழாக, பெரிய எஸ்.எஸ். தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் காணாமலே போய்விடும். நாம் செய்ய வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் போகாமல் பார்ப்பது. ஸ்க்ரூத் தலைக்கு அடியில் நைலான் வாஷர் போடுங்கள். துளையிட்ட இடத்தில் பவுடர் கோட்டிங் போய் வெற்று அலுமினியம் தெரியும். அங்கே ஒரு துளி சிலிகான் வைத்துவிட்டு ஸ்க்ரூவை இறக்குங்கள். சிலிகானிலும் ஒரு விஷயம்: பிதுக்கும்போது வினிகர் வாசனை வரும் வகை உலரும்போது அமிலத்தை விடுகிறது, உலோகத்துக்கு ஆகாது. 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேளுங்கள்.

பித்தளை ஸ்க்ரூவை அலுமினியத்தில் ஒருபோதும் போடாதீர்கள். அதிலிருக்கும் செம்பு அலுமினியத்தை வேகமாகத் தின்றுவிடும். துளையிடும் முனை இல்லாமல் வேலை நடக்காது என்று பணியாளர் சொன்னால், டிரில் பிட்டால் துளை போட்டுவிட்டு 304 ஸ்க்ரூ இறக்கச் சொல்லுங்கள். சற்று நேரம் கூடும். முனை மட்டும் கடின எஃகாகவும் உடல் 304 ஆகவும் இருக்கும் இரட்டை உலோக ஸ்க்ரூக்களும் கிடைக்கின்றன, விலைதான் அதிகம்.

கீழ்த் தண்டவாளத்தில் நீர் வடியும் ஓட்டைகளில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே உப்புநீர் தேங்கி நின்றால் எந்தத் தரமும் நிற்காது.

யு.பி.வி.சி. ஜன்னல் துருப்பிடிக்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்?

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. அதனுள்ளே பலத்துக்காகச் செருகியிருப்பது துத்தநாகம் பூசிய இரும்பு. கதவைத் தாங்கும் பிரிக்‌ஷன் ஸ்டே கீலின் ஸ்க்ரூ அந்த இரும்பைக் கடித்துப் பிடித்தால்தான் ஜன்னல் நிற்கும். அங்கே விலை குறைந்த முலாம் பூசிய ஸ்க்ரூ போட்டிருந்தால் தலை முதலில் துருப்பிடித்து, கீல் ஆடத் தொடங்கும். அதே தடிமனில் 304 ஸ்க்ரூ மாற்றுங்கள். பிடிமானம் போயிருந்தால் ஒரு நம்பர் பெரியதாகப் போடலாம். பிளாஸ்டிக்கில் மட்டும் பிடித்து நிற்கும் ஸ்க்ரூவை நம்பாதீர்கள்.

மஞ்சளாக மின்னும் ஸ்க்ரூ, கறுப்பு ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காது என்கிறார்களே?

மஞ்சள், வெள்ளை இரண்டும் இரும்பின் மேல் துத்தநாக முலாம். மின்முலாம் என்பதால் கனம் சில மைக்ரான்தான். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குப் போதும். ஜன்னலில், திருகும்போதே ஸ்டார் பள்ளத்தில் பிட் உரசி முலாம் உரிந்துவிடும். அங்கிருந்துதான் முதல் செம்புள்ளி தொடங்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டுகளில் பூச்சு பல மடங்கு கனம். ஆனால் சின்ன ஸ்க்ரூவில் அப்படிப் பூசினால் மரை அடைத்துவிடும் என்பதால் ஜன்னல் அளவுகளில் அதைப் பார்ப்பது அரிது.

கறுப்பு ஸ்க்ரூ ஜிப்சம் பலகைக்கானது. ஜன்னலுக்கு வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்கும் என்பதோடு, கடினமாக்கப்பட்டது என்பதால் வளையாமல் படக்கென முறியும்.

இரும்பு ஜன்னலுக்கும் எஸ்.எஸ். போடலாமா?

போடலாம். சட்டத்துக்கும் துளையின் உள்பக்கத்துக்கும் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு ஸ்க்ரூவை இறக்குங்கள். பிறகு தலையோடு சேர்த்து மேல் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

கடையில் அளவை எப்படிச் சொல்வது?

பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கையில் எடுத்துப் போவதைவிட நல்ல வழி இல்லை. தடிமனை நம்பரிலும் நீளத்தை இன்ச்சிலோ மி.மீ.யிலோ சொல்வார்கள். 6 நம்பர் 3.5 மி.மீ., 8 நம்பர் 4.2 மி.மீ., 10 நம்பர் 4.8 மி.மீ. கொசுவலைச் சட்டத்துக்கு 6 நம்பரில் முக்கால் இன்ச், மர ஜன்னல் கீலுக்கு 8 நம்பரில் ஒன்றேகால் அல்லது ஒன்றரை இன்ச் என்பது வழக்கம். கீலின் குழிக்குள் தலை முழுதாக அமர வேண்டும் என்றால் சி.எஸ்.கே. (கவுன்டர்சங்க்) தலை கேளுங்கள். தலை ஒரு மயிரிழை மேலே நின்றாலும் கீல் முழுதாக மடங்காது. வாஷர் போடும் இடத்துக்குத் தட்டை அடி உள்ள பேன் தலை.

துருப்பிடித்து இறுகிய பழைய ஸ்க்ரூவை எப்படி எடுப்பது?

அவசரப்பட்டால் தலை மொட்டையாகிவிடும். பள்ளத்தில் அடைந்திருக்கும் பழைய பெயின்ட்டைக் கூரான ஊசியால் முழுவதும் சுரண்டுங்கள். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்து, அதன் பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்பிப் பாருங்கள். 'கிரிச்' என்று ஓசை வந்தால் துருவின் பிடி விட்டுவிட்டது, இனி கழற்றலாம். மர ஜன்னலில் சாலிடரிங் அயர்னைத் தலையில் ஓரிரு நிமிடம் வைத்துச் சூடேற்றி ஆறவிட்டாலும் பிடி தளரும். யு.பி.வி.சி.யிலும் கண்ணாடி ஒட்டிய இடத்திலும் சூடு வேண்டாம். தட்டும்போது கண்ணாடியின் இருபுறமும் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

துளை பெரிதாகி, புதிய ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தீக்குச்சியைச் செருகி ஸ்க்ரூ போடுவது கதவுக்குப் போதும், காற்றில் அடிபடும் ஜன்னலுக்குப் போதாது. துளையை 8 அல்லது 10 மி.மீ.க்கு ஒழுங்காகப் பெரிதாக்கி, அதே அளவு தேக்குக் குச்சியை நீர் தாங்கும் மரப்பசையுடன் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, நடுவில் புதிய துளை போடுங்கள். புது மரத்தில் போட்டதுபோல நிற்கும்.

போட்ட பிறகு பராமரிப்பு ஏதாவது உண்டா?

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஸ்க்ரூத் தலைகளையும் கீலையும் துடையுங்கள். சன்ஷேடுக்குக் கீழே இருப்பவற்றை மறக்காதீர்கள். இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை. இரும்புச் சுரண்டியால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் எஸ்.எஸ். மேல் பதிந்து, அவை துருப்பிடித்து, ஸ்க்ரூவே துருப்பிடித்ததுபோலக் காட்டும்.

ஆசிட் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். டைல்ஸ் வேலை முடிந்ததும் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை ஜன்னல் வரை எழுந்து, 316ஐக்கூட ஒரே நாளில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கழுவும் வேலையை முதலில் முடியுங்கள், ஸ்க்ரூவைப் பிறகு போடுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் அன்றே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விலை வித்தியாசம் அதிகமா?

ஒரு ஸ்க்ரூவாகப் பார்த்தால் மடங்குக் கணக்கில் தெரியும். ஒரு ஜன்னலுக்கு மொத்தமாகக் கூட்டினால், அதே ஜன்னலுக்குத் தச்சரை இன்னொருமுறை அழைக்கும் கூலியைவிடக் குறைவு.

எல்லா ஸ்க்ரூவையும் ஒரேயடியாகக் கழற்றி மாற்றலாமா?

கூடாது, குறிப்பாக மாடியில். துருப்பிடித்த கீலில் நான்கு ஸ்க்ரூ இருப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் பிடித்திருப்பது ஒன்றாக இருக்கலாம். அதை எடுத்த கணமே கதவு கண்ணாடியோடு வெளியே போய்விடும். கதவை மூடித் தாழிட்டு, உள்பக்கமிருந்து சட்டத்தோடு கயிற்றால் கட்டிவிட்டு, ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். மேல் கீலிலிருந்து தொடங்குங்கள். கீழே தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் வேலை முடியும் வரை ஒருவரை நிறுத்தி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே இதைச் செய்துவிட்டால் மரமும் உலர்ந்திருக்கும், பசையும் சிலிகானும் காய நாள் கிடைக்கும்.